வானில் விட்டாலும் அளந்து விடு



மாதக் கடைசியில் இல்லத்தரசி கணக்கேட்டைத் திறந்து அமர்வதை நாம் யாவரும் கண்டிருக்கிறோம். பாலுக்கு இவ்வளவு, அரிசிக்கு இவ்வளவு, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்திற்கு இவ்வளவு என்று ஒவ்வொன்றாய் எழுதிக் கூட்டும்போதுதான் கை எங்கே நீண்டது என்பது தெரியவரும். "நாங்கள் சிக்கனமாகத்தான் வாழ்கிறோம்" என்று வாயால் சொல்வது எளிது. ஏட்டில் எழுதிய எண் அவ்வாறு எளிதில் சொல்ல விடாது. மளிகைக் கடையில் வாங்கிய கடனை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டாலோ, அந்த ஏடு முழுவதுமே பொய்யாகிவிடும்.

'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்றனர் நம் முன்னோர். இன்று உலகெங்கும் உள்ள பெரிய ஆலைகள் ஆற்றில் போடுவதை மட்டுமன்றி, வானில் விடுவதையும் அளந்து எழுதத் தொடங்கியுள்ளன. ஒரு பொருளைச் செய்து முடிப்பதற்குள் எவ்வளவு கரியமில வாயு வானில் கலக்கிறது என்னும் இக்கணக்கிற்குக் 'கரித்தடம்' என்று பெயர். மணலில் நடந்து போனவர் தம் அடிச்சுவட்டை விட்டுச் செல்வதுபோல, ஆலையும் வானில் தன் சுவட்டை விட்டுச் செல்கிறது.

"எங்கள் சுவடு பாதியாகக் குறைந்துவிட்டது", "எங்கள் பொருளால் வானுக்குக் கேடில்லை" என்றெல்லாம் விளம்பரங்கள் நாள்தோறும் நம் கண்ணில் படுகின்றன. இவற்றுள் எது மெய், எது வெறும் பூச்சு? அதனை அறிய வேண்டுமானால், இந்தக் கணக்கு எவ்வாறு எழுதப்படுகிறது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். இம்மாதம் அதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

எரித்தது எங்கே போயிற்று?

எரிந்த பொருள் அழிந்துவிட்டது என்று நினைப்பது நம் இயல்பு. உண்மையில் எதுவும் அழிவதில்லை. நிலக்கரியிலும் டீசலிலும் உள்ள கரி, காற்றிலுள்ள பிராணவாயுவுடன் கூடிக் கரியமில வாயுவாகிறது. 12 கிலோ கரி எரியும்போது அது 32 கிலோ பிராணவாயுவைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு 44 கிலோ கரியமில வாயுவாக வெளியேறுகிறது. ஆகவேதான் எரித்த எரிபொருளைக் காட்டிலும் எழுந்த வாயுவின் எடை மிகுதியாக இருக்கிறது. ஒரு லிட்டர் டீசலின் எடை ஒரு கிலோவுக்கும் குறைவு. அது எரிந்தாலோ ஏறத்தாழ 2.7 கிலோ கரியமில வாயு பிறக்கிறது.

இயந்திரத் தொழில் பெருகுவதற்கு முன் காற்றின் பத்து லட்சம் பங்கில் ஏறத்தாழ 280 பங்கு கரியமில வாயு இருந்தது. இன்று அது 420 பங்கைத் தாண்டிவிட்டது. கம்பளம் போர்த்தியது போல இவ்வாயு பூமியின் வெப்பத்தை வெளியேற விடாமல் தடுக்கிறது. மழை பொய்ப்பதும், ஒரே நாளில் கொட்டித் தீர்ப்பதும், கோடை நீள்வதும் யாருக்கு முதலில் துன்பம் தருகின்றன? குளிர்சாதன அறையில் இருப்போருக்கன்று. வயலிலும் கடலிலும் கூரை வீட்டிலும் இருப்போருக்கே. ஆதலால் இக்கணக்கு நியாயத்தைப் பற்றியதுமாகும்.

மூன்று வட்டங்கள்

ஒவ்வோர் ஆலையும் தன் மனம்போல் கணக்கெழுதினால் ஒன்றையொன்று ஒப்பிட இயலாது. இதனை உணர்ந்து, உலக வள நிறுவனமும், நிலையான வளர்ச்சிக்கான உலக வணிகக் கழகமும் சேர்ந்து 2001ஆம் ஆண்டில் ஒரு பொதுமுறையை வகுத்து வெளியிட்டன. 2004ஆம் ஆண்டில் அது திருத்தி அமைக்கப்பட்டது. இன்று பெரும்பாலான நிறுவனங்கள் பின்பற்றுவது இம்முறையையே. இதன்படி ஆலையைச் சுற்றி மூன்று வட்டங்கள் வரையப்படுகின்றன.

முதல் வட்டம், ஆலை தானே எரிப்பது. கொதிகலனில் எரியும் நிலக்கரி, ஜெனரேட்டருக்கு ஊற்றும் டீசல், சொந்த லாரிகளின் எரிபொருள், குளிர்சாதன இயந்திரங்களிலிருந்து கசியும் வாயு ஆகியவை இதில் அடங்கும்.

இரண்டாம் வட்டம், விலைகொடுத்து வாங்கும் மின்சாரமும் நீராவியும். ஆலைக்குள் மின்விளக்கு புகையின்றி எரிகிறது. ஆயினும் அதன் புகை எங்கோ ஓர் அனல்மின் நிலையத்தின் உச்சியில் எழுந்துகொண்டிருக்கிறது.

மூன்றாம் வட்டம், வாயிலுக்கு வெளியே நிகழும் மற்றவை அனைத்தும். வாங்கிய மூலப்பொருளைச் செய்தவர் விட்ட புகை, சரக்கை ஏற்றிவந்த கப்பலின் புகை, தொழிலாளர் வந்துபோகும் பேருந்தின் புகை, விற்ற பொருளை மக்கள் பயன்படுத்தும்போதும் கடைசியில் குப்பையில் எறியும்போதும் எழும் வாயு என இது நீளும். 2011ஆம் ஆண்டில் இவ்வட்டத்திற்கெனத் தனி விதிமுறை வந்தது. அது இவற்றைப் பதினைந்து வகைகளாகப் பிரித்துக் காட்டுகிறது.

முதலிரண்டு வட்டங்களை எழுதுவது எளிது; எரிபொருள் ரசீதும் மின்கட்டணச் சீட்டும் அலுவலகத்திலேயே இருக்கும். மூன்றாம் வட்டம் கடினமானது. பிறருடைய ஏட்டைக் கேட்டு வாங்க வேண்டும். ஆனால் பல ஆலைகளுக்குச் சுமையின் பெரும்பங்கு இருப்பது இந்த மூன்றாம் வட்டத்திலேதான். மளிகைக் கடன் என்று தொடக்கத்தில் குறிப்பிட்டேனே, அதற்கு நிகரானது இதுவே.

பெருக்கிப் பார்த்தால்

கணக்கு முறையில் மாயம் ஏதுமில்லை. செலவான அளவை அதற்குரிய எண்ணால் பெருக்க வேண்டும், அவ்வளவே. எடுத்துக்காட்டாக ஓர் ஆலை மாதம் ஒரு லட்சம் யூனிட் மின்சாரம் செலவிடுவதாகக் கொள்வோம். நம் நாட்டு மின்சாரத்தில் நிலக்கரியின் பங்கு மிகுதியாதலால் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு எழுகிறது. ஆகவே மின்சாரத்தால் மட்டும் 70 டன். அதே மாதம் 1,000 லிட்டர் டீசல் எரித்திருந்தால் அது 2.7 டன்.

இப்பொழுது ஒரு வியப்பைப் பாருங்கள். அவ்வாலையின் குளிர்சாதன இயந்திரத்திலிருந்து ஆர்-134ஏ என்னும் வாயு 10 கிலோ கசிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு நிறமில்லை, புகையுமில்லை. எவரும் கவனித்திருக்க மாட்டார்கள். ஆனால் நூறாண்டுக் கணக்கில் அவ்வாயு கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 1,300 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்க வல்லது. எனவே அந்தப் பத்துக் கிலோ, 13 டன் கரியமில வாயுவுக்கு ஈடாகும். ஆயிரம் லிட்டர் டீசல் எரித்ததைப்போல் அஃது ஏறத்தாழ ஐந்து மடங்கு! கண்ணுக்குத் தெரியும் கரும்புகையை மட்டும் குறை கூறிக்கொண்டிருந்தால், தெரியாத கசிவு தப்பிவிடும். அளந்து எழுதுவதன் முதற்பயன் இதுவே.

ஒரு தரைவிரிப்பு ஆலை

இனி, இக்கணக்கை உண்மையாகவே எழுதிப் பார்த்த ஓர் ஆலையின் வரலாற்றைக் காண்போம்.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் லாகிரேஞ்சு என்று ஒரு நகரம் உண்டு. அங்கே 1973ஆம் ஆண்டில் ரே ஆண்டர்சன் என்னும் பொறியியல் பட்டதாரி 'இன்டர்ஃபேஸ்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அலுவலகங்களின் தரையில் ஓடு பதிப்பதுபோல் பதிக்கக்கூடிய சதுரத் தரைவிரிப்புகளைச் செய்வது அதன் தொழில். விரிப்பின் நூல் நைலான். நைலானின் பிறப்பிடம் பெட்ரோலியம். எரித்ததும் எண்ணெய், நெய்ததும் எண்ணெய் என்றால் மிகையாகாது.

1994ஆம் ஆண்டில் வாடிக்கையாளர்கள், "சுற்றுப்புறத்திற்காக உங்கள் நிறுவனம் என்ன செய்கிறது?" என்று கேட்கத் தொடங்கினர். ஊழியர் குழு ஒன்று கூடி, ஆண்டர்சனையே பேச அழைத்தது. சட்டத்தை மீறவில்லை என்பதைத் தவிர அவரிடம் சொல்வதற்கு வேறொன்றுமில்லை. அந்நாளில் பால் ஹாக்கன் எழுதிய நூலொன்று அவர் மேசைக்கு வந்து சேர்ந்தது. அதைப் படித்தபோது தம் நெஞ்சில் ஈட்டி பாய்ந்தது போலிருந்தது என்று அவர் பின்னாளில் மேடைதோறும் கூறினார். அப்போது அவருக்கு வயது 60. ஓய்வுபெறும் வயதில் அவர் ஒரு புதிய இலக்கை வகுத்தார்: 2020ஆம் ஆண்டிற்குள் தம் நிறுவனம் பூமிக்குச் செய்யும் கேடு சுழியமாக வேண்டும்.

குழாயை நேராக்கினார்கள்

இலக்கு பெரிது, செயலோ சிறு சிறு சங்கதிகளில் தொடங்கியது. முதலில் வீணைத் தேடினர். வெட்டி எறியும் துண்டு, கழித்து ஒதுக்கும் விரிப்பு, பயனின்றிப் போகும் வெப்பம் என எல்லாவற்றையும் அளந்தனர். எந்த ஆலைக்கும் இதுவே நல்ல தொடக்கம். அழுத்தக் காற்றைப் பயன்படுத்தும் ஆலைகளில், கம்ப்ரஸர் தரும் காற்றில் 20 முதல் 30 விழுக்காடு வரை குழாய்க் கசிவிலேயே போய்விடுவதுண்டு. இயந்திரங்கள் ஓய்ந்திருக்கும் விடுமுறை நாளில் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு நடந்தாலே 'உஸ்' என்ற ஒலி கேட்கும். அதை அடைக்க ஆராய்ச்சிக் கூடம் வேண்டியதில்லை. ஒரு ஸ்பானரும் ஓர் அக்கறையுள்ள தொழிலாளியும் போதும்.

1997ஆம் ஆண்டில் இன்டர்ஃபேஸ் நிறுவனம் சீனாவின் ஷாங்காய் நகரில் ஓர் ஆலையை அமைத்தது. சூடான திரவத்தைச் சுற்றிவரச் செய்யும் குழாய்த் தொடர் ஒன்றுக்கு மொத்தம் 95 குதிரைத்திறன் கொண்ட பம்புகள் வேண்டும் என்று வரைபடம் கூறியது. யான் ஸ்கில்ஹாம் என்னும் டச்சுப் பொறியாளர் அவ்வரைபடத்தை மாற்றினார். மெல்லிய குழாய்க்குப் பதில் பருத்த குழாய். முதலில் இயந்திரங்களை வைத்துவிட்டுப் பிறகு அவற்றைக் குழாயால் இணைப்பதற்குப் பதிலாக, முதலில் குழாயை நேராகப் போட்டுப் பிறகு இயந்திரங்களை வைத்தார். வளைவுகள் குறைந்தன. குழாயின் விட்டம் இரு மடங்கானால், அதே அளவு திரவத்தைத் தள்ளுகையில் உராய்வு ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்காகக் குறையும். புதிய வரைபடத்திற்கு வெறும் 7 குதிரைத்திறன் போதுமாயிற்று! பருத்த குழாய்க்குச் சற்று மிகுதியாகச் செலவாயிற்று. ஆனால் பம்புகள் சிறியவையானதால் அச்செலவு ஈடுகட்டப்பட்டது. புதிய கண்டுபிடிப்பு என்று இதில் எதுவுமில்லை. பழக்கத்தால் செய்துவந்ததை ஒருவர் நின்று கேள்வி கேட்டார், அதுவே புதுமை.

லாகிரேஞ்சு நகரின் குப்பைமேட்டில் மக்கும் கழிவிலிருந்து மீத்தேன் வாயு எழுந்துகொண்டிருந்தது. இது நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடிப்பது. நகராட்சியுடன் சேர்ந்து அவ்வாயுவைக் குழாய் வழியே கொணர்ந்து, ஆலையில் இயற்கை எரிவாயுவுக்குப் பதிலாக எரித்தனர். ஊருக்குக் கேடாக இருந்தது உலைக்கு உணவாயிற்று.

விரிப்பின் வடிவமைப்பிலும் மாற்றம் வந்தது. ஒரே கோலத்தை ஒரே திசையில் பொருத்த வேண்டியிருந்ததால் தரையில் பதிக்கும்போது பல துண்டுகள் வீணாயின. வடிவமைப்பாளர் டேவிட் ஓக்கி தம் குழுவினரைக் காட்டிற்கு அனுப்பினார். காட்டுத் தரையில் கிடக்கும் சருகுகளில் ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை. எந்தச் சருகு எங்கே விழுந்தாலும் அது பொருந்தியே தோன்றுகிறது. அதைக் கண்டு செய்த, எப்படி வைத்தாலும் பொருந்தும் விரிப்பு 2000ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. வீண் துண்டும் குறைந்தது. கறைபட்ட ஒரு சதுரத்தை மட்டும் மாற்றுவதும் எளிதாயிற்று.

வாயிலுக்கு வெளியே

இவ்வளவு செய்தும் கணக்கேட்டைப் பார்த்தபோது ஓர் உண்மை உறுத்திற்று. ஒரு விரிப்பின் கரித்தடத்தில் பெரும்பங்கு ஆலைக்குள் எழுவதன்று. வாங்கும் நூலிலும் பிற மூலப்பொருளிலுமே அது அடங்கியிருந்தது. தன் வீட்டைப் பெருக்கிவிட்டு ஓய்ந்திருந்தால் கணக்கில் பெரும்பகுதி தொடப்படாமலே போயிருக்கும்.

எனவே நூல் தருவோரிடம் சென்றனர். புதிய எண்ணெயிலிருந்து அல்லாமல் பழைய நைலானிலிருந்து நூல் வேண்டும் என்றனர். இத்தாலியைச் சேர்ந்த அக்வாஃபில் என்னும் நிறுவனம், பழைய மீன்வலைகளையும் தரைவிரிப்புகளையும் மீண்டும் மூலப்பொருளாக மாற்றிப் புதுநூல் செய்யும் முறையை 2011ஆம் ஆண்டில் தொழிலாக்கியது. 2012ஆம் ஆண்டில் இன்டர்ஃபேஸ் நிறுவனம், இலண்டன் விலங்கியல் கழகத்துடன் சேர்ந்து, பிலிப்பைன்ஸ் நாட்டின் டானஹோன் பவளத்திட்டுப் பகுதியில் வாழும் மீனவக் குடும்பங்களிடமிருந்து கிழிந்த வலைகளை விலைக்கு வாங்கத் தொடங்கியது. கடலில் எறியப்பட்ட நைலான் வலை எளிதில் மக்காது; எவருக்கும் பயனின்றி மீனையும் நண்டையும் சிக்கவைத்துக் கொன்றுகொண்டே இருக்கும். அவ்வலைகள் மீனவர் கைக்குச் சிறு வருவாயாகவும், எங்கோ ஓர் அலுவலகத்தின் தரைவிரிப்பாகவும் மாறின.

ஆண்டர்சன் 2011ஆம் ஆண்டில் காலமானார். அவர் வகுத்த இலக்கின் முடிவை 2019ஆம் ஆண்டில் நிறுவனம் அறிவித்தது. 1996ஆம் ஆண்டோடு ஒப்பிட, ஓர் அலகு விரிப்புக்கு ஆலைகளில் எழும் வாயு 96 விழுக்காடு குறைந்திருந்தது. மூலப்பொருள் முதலிய எல்லாவற்றையும் சேர்த்த விரிப்பின் முழுக் கரித்தடமோ 69 விழுக்காடு குறைந்திருந்தது. இவ்விரு எண்களுக்கும் இடையிலுள்ள தொலைவைக் கவனியுங்கள். தன் கைக்குள் இருப்பதைக் குறைப்பது ஒன்று; பிறர் கையில் இருப்பதைக் குறைப்பது மற்றொன்று. முதலாம் எண்ணை மட்டும் சொல்லி மகிழ்ந்திருக்கலாம். இரண்டையும் வெளியிட்டதே நேர்மை.

எங்கே ஏமாறக்கூடும்?

இக்கணக்கில் நாம் விழிப்பாய் இருக்க வேண்டிய இடங்கள் மூன்று.

முதலாவது, 'ஒரு பொருளுக்கு இவ்வளவு' என்னும் கணக்கு. ஓர் ஆலை 100 பொருள் செய்து, ஒவ்வொன்றுக்கும் 10 கிலோ வாயு விட்டது. மொத்தம் 1,000 கிலோ. பின்னர்ப் பொருளுக்கு 5 கிலோவாகக் குறைத்தது. ஆனால் 300 பொருள் செய்தது. மொத்தம் 1,500 கிலோ! விளம்பரம் 'பாதியாகக் குறைத்தோம்' என்று சொல்லும். வானத்தின் ஏட்டிலோ ஒன்றரை மடங்காக ஏறியிருக்கும். இதனால்தான் மொத்த அளவிலும் இலக்கு வேண்டும். 2021ஆம் ஆண்டில் இன்டர்ஃபேஸ் அவ்வாறே, 2019ஆம் ஆண்டின் மொத்தத்தில் முதலிரண்டு வட்டங்களையும் வாங்கும் பொருட்களின் சுமையையும் 2030ஆம் ஆண்டுக்குள் பாதியாக்குவதாக உறுதி கூறியது.

இரண்டாவது, ஒப்பிடுவதற்குக் கொள்ளும் அடிப்படை ஆண்டு. மிகுதியாகப் புகைவிட்ட ஓர் ஆண்டைத் தேர்ந்துகொண்டால், ஒன்றும் செய்யாமலே குறைந்ததாகக் காட்டலாம்.

மூன்றாவது, 'கார்பன் கிரெடிட்' என்னும் சான்று. நாம் விட்ட புகைக்கு ஈடாக வேறெங்கோ ஒருவர் மரம் நட்டதாகவோ காட்டைக் காத்ததாகவோ சான்று வாங்கிக் கழித்துக்கொள்வது இம்முறை. இதில் சில நல்ல பணிகளும் உண்டு. ஆனால் நட்ட மரம் தீப்பற்றினால் என்ன ஆகும்? எவரும் வெட்ட நினையாத காட்டைக் காத்ததாகச் சான்று கொடுத்தால் என்ன பயன்? மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலில், இவ்வாணிபம் புதுவகை ஊக வணிகமாகிவிடக்கூடும் என்றும், சிலருடைய மிகை நுகர்வுக்குச் சாக்காகிவிடக்கூடும் என்றும் எச்சரித்தார். இன்டர்ஃபேஸ் நிறுவனமும் இத்தகைய சான்றுகளைப் பல ஆண்டுகள் வாங்கியதுதான். எனினும் 2024ஆம் ஆண்டில் அவ்வழக்கத்தைக் கைவிட்டு, அப்பணத்தைத் தன் பொருளிலேயே புகையைக் குறைக்கச் செலவிடப்போவதாக அறிவித்தது. பிழையைத் திருத்துவதற்குப் பதிலாகப் பிழைக்கு விலை கொடுத்துக்கொண்டே இருப்பது நெடுநாள் செல்லாது.

ஆகவே, 'பசுமை' என்று விளம்பரம் செய்யும் எந்த ஆலையிடமும் நாம் கேட்க வேண்டியவை நான்கே கேள்விகள். மூன்றாம் வட்டத்தையும் எழுதினீர்களா? மொத்தம் குறைந்ததா? எந்த ஆண்டோடு ஒப்பிட்டீர்கள்? நீங்களே குறைத்தது எவ்வளவு, சான்று வாங்கிக் கழித்தது எவ்வளவு? மெய்யாகக் குறைத்தவர் தயங்காது விடை சொல்வார்.

நம் வீட்டு ஏட்டில்

நம்மில் பலருடைய இல்லங்களில் ஆலைப்பணிக்குச் செல்வோர் உண்டு. கொதிகலன் அருகில் நிற்பவரும், கிடங்கில் பதிவேடு எழுதுபவரும், லாரி ஓட்டுபவரும் இக்கணக்கின் முதற்சாட்சிகள். கசியும் குழாயையும் காரணமின்றி ஓடும் மோட்டாரையும் மேலாளருக்கு முன்னே காண்பவர் அவரே. கண்டதைச் சொல்வதற்கு அவர் தயங்க வேண்டாம். சொன்னதைக் கேட்க மேலாளரும் தயங்க வேண்டாம்.

இல்லத்தரசிகளுக்கும் ஒரு சொல். ஒரு கிலோ சமையல் வாயு எரிந்தால் ஏறத்தாழ 3 கிலோ கரியமில வாயு எழும். 14.2 கிலோ கொண்ட ஒரு சிலிண்டர் தீர்ந்தால் ஏறத்தாழ 42 கிலோ. மாதம் 200 யூனிட் மின்சாரம் செலவானால் 140 கிலோ. இவ்விரண்டையும் அடுத்த மாதக் கணக்கேட்டின் ஓரத்தில் ஒரு வரி எழுதி வையுங்கள். அதற்கடுத்த மாதமும் எழுதுங்கள். பருப்பை ஊறவைத்து வேகவைத்ததும், ஆளில்லா அறையில் மின்விசிறியை நிறுத்தியதும் அந்த வரியில் தெரியவரும். பெற்றோர் அதைக் கூட்டும்போது பிள்ளைகளும் அருகிலிருந்து பார்க்கட்டும்.

நம் வீட்டின் எண் சிறியதுதான். ஆனால் தன் ஏட்டை உண்மையாக எழுதுகிறவருக்கே, ஆலையைப் பார்த்து "உமது ஏட்டைக் காட்டும்" என்று கேட்கும் துணிவு பிறக்கும். அத்துணிவு நம் ஒவ்வோர் இல்லத்திலும் பிறக்கட்டும்!